நியூஸ் சேர்வர்களுக்கிடையே மடல் ஓட்டம்: திருகோணமலையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் ஒரு வீட்டின் பின்னறையில், பழைய டெஸ்க்டாப் ஒன்றில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு யூஸ்நெட் சேர்வர் நடத்துகிறோம். யூஸ்நெட் என்பது தலைப்பு வாரியான குழுக்களில் மடல் போட்டு வாசிக்கும் பழைய கலந்துரையாடல் வலை. எழுத்து மட்டும்தான், படமும் இல்லை, சினிமாவும் இல்லை. வெளிநாட்டில் இரண்டு சேர்வர்களோடும் கிண்ணியாவில் ஒரு நண்பரின் சேர்வரோடும் மடல் மாற்றிக்கொள்கிறோம். இதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆர்ட்டிகிள் என்பதை மடல் என்றே எழுதுகிறேன், தமிழ் இணையத்தின் பழைய ஆட்களுக்கு அது பழகின சொல்.

யூஸ்நெட் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1979இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்கட், ஜிம் எல்லிஸ் இரண்டு பேரும் யோசித்த விஷயம், 1980இல் ஓடத் தொடங்கியது. வலைப்பக்கம் என்ற ஒன்று வருவதற்குப் பத்து வருடம் முன்னால். 2024 பெப்ரவரி 22இல் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டோடு மடல் மாற்றுவதை நிறுத்தியபோது "இதோடு சரி" என்று பலர் எழுதினார்கள். எங்களுக்கு நடந்தது வேறு. அந்தப் பக்கமிருந்து வாரிக் கொட்டிக்கொண்டிருந்த குப்பை நின்று போய், குழுக்களைத் திரும்ப வாசிக்கக்கூடிய மாதிரி ஆனது.

எல்லாரும் ஒரே சேர்வருக்குப் போய் வாசித்தால் ஆகாதா? ஏன் சேர்வர்கள் தங்களுக்குள் அனுப்ப வேண்டும்?

ஒரே சேர்வர் என்றால் ஒரே முதலாளி. யூஸ்நெட்டுக்கு முதலாளி இல்லை. நீங்கள் எங்கள் சேர்வரில் ஒரு மடல் போட்டால், அது எங்களோடு இணைந்த மூன்று சேர்வருக்கும் போகும், அவை தங்களோடு இணைந்தவற்றுக்கு அனுப்பும், இப்படியே பரவும். ஊருக்குள் செத்தவீட்டுச் செய்தி போகிற மாதிரித்தான், யாரும் பட்டியல் வைத்துக்கொண்டு சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் போய்விடுகிறது.

அப்படியானால் ஒரே மடல் மூன்று பக்கத்தாலும் வந்து குவியாதா?

வரும். தடுப்பதற்கு இரண்டு ஏற்பாடு இருக்கிறது.

முதலாவது மெசேஜ் ஐடி. மடலுக்கு மடல் வேறான ஓர் அடையாளம், அடையாள அட்டை இலக்கம் போல. ஒவ்வொரு சேர்வரும் தான் பார்த்த ஐடிகளை ஹிஸ்டரி என்ற கோப்பில் எழுதி வைக்கும். மடலை அழித்த பிறகும் ஐடியைக் கொஞ்ச நாள் ஞாபகம் வைத்திருக்கும். இரண்டாவது, மடலின் தலைப்பகுதியில் இருக்கும் பாத் என்ற வரி. மடல் கடந்து வந்த ஒவ்வொரு சேர்வரும் தன் பெயரை அதில் முன்னால் சேர்த்து, நடுவில் ஆச்சரியக்குறி போடும். கிண்ணியாவின் பெயர் ஏற்கெனவே பாத்தில் இருந்தால் கிண்ணியாவுக்குத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை, கேட்கவே தேவையில்லை.

இந்த இரண்டில் ஹிஸ்டரிதான் உயிர். கீழே எழுதப்போகும் எல்லாம் கடைசியில் அதில்தான் வந்து நிற்கும்.

ஸ்ட்ரீமிங் என்கிறீர்களே, அது என்ன?

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன்னால் பாதையில் (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில்) ஏறிக் கடந்த ஆட்களுக்கு இது உடனே விளங்கும். பாதை இந்தக் கரையில் ஏற்றி, அந்தக் கரையில் இறக்கி, திரும்பி வரும்வரை நீங்கள் நிற்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு அகலமோ அவ்வளவு காத்திருப்பு.

யூஸ்நெட்டின் பழைய முறையில் அனுப்பும் கட்டளை ஐஹேவ். 1986இல் வந்த ஆர்எஃப்சி 977 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் இருக்கிறது. "இந்த ஐடி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் 335 என்றால் அனுப்பு, 435 என்றால் வேண்டாம். அனுப்பி முடித்து 235 வந்த பிறகுதான் அடுத்த மடலைப் பற்றிக் கதைக்கலாம். ஒரு மடலுக்கு இரண்டு தரம் போய்வர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஐரோப்பாவில் உள்ள சேர்வருக்கு ஒரு தரம் போய்வர 200 மில்லிசெக்கன் ஆகிறது என்று வையுங்கள். மடல் ஒன்றுக்கு 400. ஒரு செக்கனில் இரண்டரை மடல். லைன் எவ்வளவு வேகமானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஃபைபர் போட்டாலும் அதே இரண்டரைதான்.

ஸ்ட்ரீமிங்கில் இந்த நிற்கிற வேலை இல்லை. முதலில் மோட் ஸ்ட்ரீம் என்று கேட்க, மற்றவர் 203 என்பார். பிறகு செக் என்ற கட்டளையால் ஐடிகளை அடுத்தடுத்து, பதிலுக்குக் காத்திராமல் கேட்டுக்கொண்டே போகலாம். பதில்கள் பின்னால் வரிசையாக வரும்: 238 என்றால் வேண்டும், 438 என்றால் வேண்டாம், 431 என்றால் பிறகு கேள். வேண்டுமென்றவற்றை டேக்திஸ் என்ற கட்டளையோடு மடலையும் சேர்த்தே தள்ளிவிட வேண்டும். அதற்கு 239 என்றால் எடுத்துக்கொண்டார், 439 என்றால் மறுத்துவிட்டார். போகிற வழியும் வருகிற வழியும் எப்போதும் நிறைந்திருக்கும். தொண்ணூறுகளிலேயே எல்லாரும் பாவிக்கத் தொடங்கிவிட்டாலும் 2006இல்தான் ஆர்எஃப்சி 4644 என்று முறைப்படி எழுதினார்கள்.

இன்ஃபீட் என்ற மென்பொருள் இதில் எங்கே வருகிறது?

ஐஎன்என் என்பது சேர்வர் தொகுப்பு, ரிச் சால்ஸ் எழுதி 1992இல் வெளியிட்டது. அதில் இன்டி என்ற புரோகிராம்தான் மடல்களை வாங்கி, ஹிஸ்டரியில் எழுதி, டிஸ்க்கில் வைக்கும். வெளியே அனுப்புவது அதன் வேலை இல்லை, அதற்குத் தனி ஆள். அந்த ஆள்தான் இன்ஃபீட், ஜேம்ஸ் பிரிஸ்டர் எழுதியது.

ஒரு மடல் வந்ததும் இன்டி இன்ஃபீட்டுக்கு ஒரே ஒரு வரி தரும்: மடல் டிஸ்க்கில் இருக்கும் இடத்தைச் சொல்லும் டோக்கன், மெசேஜ் ஐடி, யார் யாருக்குப் போக வேண்டும் என்ற பெயர்கள். இன்ஃபீட் அந்த மடலைப் போக வேண்டிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஸ்ட்ரீமிங்கில் அனுப்பத் தொடங்கும். ஒரு பக்கத்து லைன் மந்தமென்றால் மற்றவர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. எனக்கு இதில் பிடித்தது அதுதான். ஐரோப்பா லைன் தூங்கிக்கொண்டிருந்தாலும் கிண்ணியாவுக்கு மடல் உடனே போய்விடும்.

இன்னொரு கெட்டித்தனமும் உண்டு. நாம் கேட்பவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் "வேண்டும்" என்றே பதில் வந்துகொண்டிருந்தால், இன்ஃபீட் செக் கேட்பதையே விட்டுவிட்டு நேரடியாக டேக்திஸ் அனுப்பும். 90க்குக் கீழே இறங்கினால் திரும்பக் கேட்கத் தொடங்கும். இந்த இரண்டு எண்ணையும் இன்ஃபீட்டின் கான்ஃப் (அமைப்பு) கோப்பில் மாற்றலாம், மாற்ற வேண்டிய தேவை எங்களுக்கு ஒருநாளும் வரவில்லை.

அனுப்பும் நடுவில் லைன் அறுந்தால் மடல் தொலையுமா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கமே. தொலையாது.

அனுப்பினேன் என்பதற்காக இன்ஃபீட் ஒரு மடலையும் கணக்கிலிருந்து எடுக்காது. 239, 438, 439 என்று ஏதோ ஒரு முடிவான பதில் வர வேண்டும். பதில் வராமல் லைன் போனால், அந்த மடல்கள் முழுக்கத் திரும்ப வரிசைக்குப் போகும், அடுத்த இணைப்பில் திரும்பக் கேட்கும். மற்றவருக்கு மடல் முழுதாகப் போய்ச் சேர்ந்து, 239 என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? அவருடைய ஹிஸ்டரியில் ஐடி இருக்கும், 438 என்பார், முடிந்தது. பாதி மடல் போயிருந்தால்? ஒவ்வொரு மடலும் ஒரு தனிப் புள்ளி மட்டும் உள்ள வரியோடு முடிய வேண்டும். அந்தப் புள்ளி வராவிட்டால் அவர் பாதியைத் தூக்கி எறிவார், ஹிஸ்டரியிலும் எழுதமாட்டார். (மடலுக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் வரி வந்தால் இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்பி, அந்தப் பக்கத்தில் ஒன்றை எடுத்துவிடுவார்கள்.)

அனுப்புபவர் சந்தேகம் வந்தால் திரும்ப அனுப்புகிறார், வாங்குபவர் இரண்டாவதைத் தள்ளிவிடுகிறார். இரண்டு பேரும் தங்கள் பங்கைச் செய்தால் மடல் ஒருமுறைதான் நிற்கும்.

431 என்ற பதில் நிறைய வருகிறது, பழுதா?

இல்லை. அதே மடலை இன்னொருவர் அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஐஎன்என் ஒருவருக்கு 238 சொன்னால், அடுத்த 5 செக்கனுக்குள் அதே ஐடியோடு வரும் மற்றவருக்கு 431 சொல்லி நிறுத்தி வைக்கும். முதல் ஆள் சொன்னபடி அனுப்பினால் சரி, அனுப்பாமல் போனால் அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளும்.

லைன் இரண்டு நாள் இல்லாவிட்டால்?

இன்ஃபீட் நினைவில் வைத்திருக்கும் வரிசை சிறியது. அது நிரம்பினால் பேக்லாக் என்று டிஸ்க்கில் ஒரு கோப்பில் எழுதத் தொடங்கும். மடலை எழுதுவதில்லை, டோக்கனும் ஐடியும் மட்டும், அதனால் டிஸ்க் நிரம்பும் என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. பேக்லாக்கில் உள்ள மடலை அனுப்புவதற்கு முன்னால் நீங்களே காலாவதி என்று அழித்துவிட்டால், டோக்கன் இருக்கும், மடல் இருக்காது. அதோடு மற்றப் பக்கத்திலும் ஒரு எல்லை உண்டு: ஐஎன்என் வழமையாகப் பத்து நாளுக்கு மேல் பழைய மடலை எடுக்காது. பதினோராம் நாள் லைன் வந்து நீங்கள் ஆசையோடு அனுப்பினாலும் 439தான்.

ஒருமுறை மாரி மழையில் இடி விழுந்து ரவுட்டர் எரிந்து, புதியது வாங்கிப் போட நாலு நாள் போனது. பேக்லாக்கில் 8000 சொச்சம் மடல். ஐஹேவ் முறையில் அனுப்பியிருந்தால், மேலே சொன்ன கணக்கில், 53 நிமிடம் ஆகியிருக்கும். ஸ்ட்ரீமிங்கில், நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பார்க்கும்போது எல்லாம் போய் முடிந்திருந்தது.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தச் சேர்வரை நடத்தியவர்கள் நாங்கள், அதனால் இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஓட்டை இருக்கிறது. இன்ஃபீட்டை முறையாக நிறுத்தினால் நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் நிற்கும். திடீரென்று கரண்ட் போனால் அதற்கு நேரம் இல்லை, நினைவில் இருந்த சிறு வரிசை போய்விடும். மடல் நம் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் இன்னாருக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு இருக்காது. வெளியிலிருந்து வந்த மடல் என்றால் மற்றவருக்கு வேறு வழியால் கிடைத்துவிடும். நம்முடைய வாசகர் அந்த நிமிடம் எழுதியது என்றால் கிடைக்காது, அது எங்களிடம் மட்டும்தானே இருக்கிறது. ஆகவே ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், பத்து நிமிடம் தாங்கினால் போதும், பற்றரி குறையும்போது ஐஎன்என்னைத் தானாக நிறுத்தும் மாதிரி அமையுங்கள்.

இன்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஃபீட் மட்டும் செத்துப்போனால் பயமில்லை. கொடுக்க முடியாமல் போனவை ஒரு தனிக் கோப்பில் விழுந்திருக்கும், புரொக்பேட்ச் என்ற கருவி அதைப் பிரித்து அவரவர் பேக்லாக்கில் போட்டுவிடும்.

நீங்கள் செய்த ஆகப் பெரிய பிழை என்ன?

அதே மின்வெட்டுக் காலத்தில்தான். மெஷின் படாரென்று நின்று, திரும்ப ஏற்றியபோது ஹிஸ்டரி குழம்பியிருந்தது. அதன் அட்டவணையை மட்டும் புதுப்பிக்க மேக்டிபிஇசட் என்ற கருவி இருக்கிறது, அதை ஓட்டியிருந்தால் போதும். நான் அவசரத்தில் மேக்ஹிஸ்டரியை ஓட்டினேன். அது டிஸ்க்கில் இருக்கும் மடல்களைப் பார்த்து ஹிஸ்டரியை முதலிலிருந்து எழுதும். அழித்துவிட்ட மடல்களின் ஐடி அதற்கு எப்படித் தெரியும்? அத்தனையும் மறந்துபோனது. சில குழுக்களை நாங்கள் மூன்று நாளில் அழிப்போம். கிண்ணியா சேர்வரும் அந்த வாரம் அரைவாசி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து, அப்போதுதான் எழும்பி, தனக்கு வேறு வழியால் வந்த பழைய மடல்களை எங்களுக்கு நீட்டியது. எங்கள் சேர்வர் எல்லாவற்றுக்கும் 238. முந்தைய கிழமை ஓய்ந்துபோன ஒரு சண்டை முழுவதும் புதிதாக வந்து நிற்க, அதற்கு ஒரு ஆள் பதிலும் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ஹிஸ்டரியைத் தினமும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுக்கிறோம்.

கிண்ணியா மெஷின் மாலை ஆறு மணிக்கு எழும்புகிறது, ஆனால் ஏழு மணி வரை மடல் போகவில்லை, ஏன்?

இன்ஃபீட் இணைப்புக் கிடைக்காவிட்டால் முதலில் 30 செக்கன் பொறுத்துத் திரும்பத் தட்டும், பிறகு அந்த இடைவெளி கூடிக்கொண்டே போய் 3600 செக்கனில் நிற்கும். பகல் முழுக்கத் தட்டிக் களைத்த ஆள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தக் கடைசி எண்ணை 300 ஆக்குங்கள். ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் லைன் என்றால், இன்ஃபீட்டை விட்டுவிட்டு, மடல்களைச் சேர்த்து வைத்துக் குறித்த நேரத்தில் அனுப்பும் இன்எக்ஸ்மிட் போதும். அதுவும் ஸ்ட்ரீமிங் செய்யும்.

வீட்டு இணைப்பில் சேர்வர் நடத்தலாமா?

அனுப்பலாம், வாங்குவதுதான் தலையிடி. நீங்கள் அனுப்பும்போது நீங்கள் மற்றவரின் 119ஆம் போர்ட்டை, அதாவது நியூஸ் சேர்வரின் வாசல் எண்ணை, தட்டுகிறீர்கள், அது எங்கிருந்தும் நடக்கும். அவர் உங்களுக்கு அனுப்ப உங்கள் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது, தட்டுவதற்குக் கதவே இல்லை. ஹொட்லைனுக்கு எடுத்து விளங்கப்படுத்த, அந்தப் பிள்ளை ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னது. போதாததற்கு யார் அனுப்பலாம் என்பதை ஐஎன்என் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காணும், நம் முகவரி மாறினால் மற்றவர் நம்மை அந்நியன் என்று நினைப்பார். வெளிநாட்டில் மலிவாக ஒரு சிறிய வாடகை சேர்வர் எடுத்து, அதற்கும் எங்கள் மெஷினுக்கும் இடையே வயர்கார்ட் சுரங்கம் (இரண்டு மெஷின்களை இணைக்கும் மறைகுறி வழி) ஒன்று போட்டு, அதன் நிலையான முகவரியை எங்கள் சேர்வருக்குக் கொடுத்தோம். அந்தச் செலவு வேண்டாம் என்றால் புல்நியூஸ் போன்ற கருவியால் நீங்களே போய் இழுத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஸ்ட்ரீமிங் இல்லை.

படங்களும் கோப்புகளும் போகும் குழுக்களையும் எடுப்பீர்களா?

மாட்டோம். எல்லாக் குழுக்களும் சேர்ந்த முழு ஃபீட் ஒரு நாளைக்கு நூறு டெராபைட்டை எப்போதோ தாண்டிவிட்டது. உவர்மலை தாங்காது.

தமிழில் எழுதிய மடல் வழியில் உடையுமா?

உடையாது. இடையில் உள்ள சேர்வர் மடலின் உடலில் ஒரு பைட்டையும் தொடாது, பாத் போன்ற ஓரிரண்டு தலைவரிகள் மட்டும்தான் மாறும். சொக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய காலம் ஒன்று இருந்தது, பிறகு திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை வந்தது, இப்போது யூனிகோட். அனுப்பும் மென்பொருளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது தலைப்பு வரி. அதில் தமிழை நேரடியாக வைக்காமல் பேஸ்64 ஆக (ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாக) மாற்றி வைப்பார்கள், ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முன்னும் பின்னும் வரும் குறிகளைக் கழித்தால் 45 பைட் மிஞ்சும். யூனிகோட்டை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 15 குறியீடு. "திருகோணமலை" என்ற ஒரு சொல்லே 10 எடுக்கும், ஏனென்றால் கொம்பும் விசிறியும் தனித்தனிக் கணக்கு. நல்ல வாசிப்பு மென்பொருள் துண்டுகளைச் சரியாக ஒட்டும். சில பழையவை ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டும், அப்போது தலைப்பில் கேள்விக்குறியும் கட்டமும் தெரியும். அதற்குச் சேர்வரைத் திட்டாதீர்கள்.

பதில் மடல் முதலில் வந்து, கேள்வி பிறகு வருகிறதே?

நடக்கும். ஒழுங்குக்கு யாரும் பொறுப்பில்லை. வாசிக்கும் மென்பொருள் அடுக்கிக்கொள்ளும்.

எங்களோடு மடல் மாற்ற விருப்பம். முதலில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் முகவரியை நாங்கள் சேர்த்த பிறகு, கையாலேயே கதைத்துப் பாருங்கள். டெல்நெட்டில் (சேர்வரோடு கட்டளை தட்டிக் கதைக்கும் கருவியில்) எங்கள் 119ஆம் போர்ட்டுக்கு வாருங்கள், 200 என்று தொடங்கும் வரவேற்பு வரும். மோட் ஸ்ட்ரீம் என்று தட்டுங்கள், 203 வர வேண்டும். வராமல் 5இல் தொடங்கும் பிழை எண் வந்தால் சேர்வர் உங்களை அனுப்புபவராக அல்ல, வாசகராக நினைத்து வேறு புரோகிராமிடம் கொடுத்துவிட்டது, எங்களிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் முகவரியில் ஒரு எண் பிழைத்திருக்கும். 203 வந்தால், செக் என்று அடித்து, இடம் விட்டு, கோண அடைப்புக்குள் ஏதாவது ஒரு புது ஐடியை எழுதுங்கள், 238 வரும். உடனே இன்னொரு ஜன்னலில் அதே ஐடியைக் கேட்டால் 431 கிடைக்கும், ஐந்து செக்கன் பொறுத்துக் கேட்டால் திரும்ப 238. எங்கள் குழுவில் நீங்கள் கண்ட பழைய மடல் ஒன்றின் ஐடியைக் கொடுத்தால் 438. மூன்றும் சரியென்றால் இன்ஃபீட்டை ஓட விடலாம். க்விட் என்று அடியுங்கள், 205 சொல்லிவிட்டு லைனை மூடும்.